இன்டர்கூலரும் மாரிகுப்பத்து அப்பாவும்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரல. இது கார் ரிப்பேர் கதையா ஆரம்பிச்சு வேற எங்கயோ போய் நிக்கும். கார் பிடிக்காதவங்க பாதியில் ஓடிடாதீங்க. சொல்ல வந்த விஷயம் கடைசியில்தான் இருக்கு.

பெர்த்ல இந்த வருஷக் கோடை பட்டையைக் கிளப்பிடுச்சு. 40 டிகிரி எல்லாம் இந்த ஊருக்குப் புதுசில்ல. ஆனா நம்ம காருக்குத்தான் தாங்கல. எட்டு சிலிண்டர், மேல ஒரு சூப்பர்சார்ஜர் உட்கார்ந்திருக்கிற பழைய செடான். (தங்கமணி வேண்டாம்னு சொல்லியும் செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. அது தனி ராமாயணம்.) காலையில் எடுத்தா புலி. மத்தியானம் ஃப்ரீவேல நாலு தடவை அழுத்தி மிதிச்சா, அதே வண்டி எருமை மாதிரி நகரும்.

ஒர்க்‌ஷாப்ல கொண்டுபோய்க் காட்டினேன். கம்ப்யூட்டர்ல சொருகிப் பார்த்துட்டு, "இன்டர்கூலர் சிஸ்டம் மொத்தமும் மாத்தணும்"னு ஒரு தொகை சொன்னாங்க. அந்தத் தொகைக்கு நாங்க குடும்பத்தோட பெங்களூர் போய்த் திரும்பி, மிச்சத்துல மைசூர் பாக்கும் வாங்கலாம். நானும் மெக்கானிக்கல் இன்ஜினியர்தானே, வீட்டுலயே பண்ணிடலாம்னு முடிவு பண்ணினேன்.

அன்னிக்கு ராத்திரி சாப்பாட்டு மேசையில இதைச் சொன்னப்போ தங்கமணி ஒண்ணும் சொல்லல. ஊர்ல இருந்து மூணு மாசம் எங்களோட இருக்க வந்திருந்த அப்பாதான் தட்டைப் பார்த்துக்கிட்டே சொன்னார்: "ஸ்பானர் பிடிக்கவா உன்னைப் படிக்க வெச்சேன்?"

*

முதல்ல இந்தச் சாதனம் என்னன்னு சொல்லிடறேன்.

சைக்கிளுக்குக் காத்தடிச்சிருப்பீங்க. நாலு அடி அடிச்சதும் பம்போட அடிப்பாகம் சுடும். காத்தை அழுத்தினா அது சூடாகும், அவ்வளவுதான் சங்கதி. சூப்பர்சார்ஜர்ங்கிறது இன்ஜினே பெல்ட் போட்டுச் சுத்துற ஒரு பெரிய சைக்கிள் பம்ப். வெளிக்காத்தை இழுத்து, அழுத்தி, சிலிண்டருக்குள்ள திணிக்கும். காத்து அதிகம் போனா பெட்ரோலும் அதிகம் எரியும், சக்தியும் கூடும்.

ஆனா 30 டிகிரி காத்தை 0.8 பார் அளவுக்கு அழுத்தினா, சூப்பர்சார்ஜரோட திறனைப் பொறுத்து வெளியே வர்றப்போ அது 100 டிகிரியைத் தாண்டிடும். சூடான காத்து லேசு. அதே இடத்துல கம்மி ஆக்சிஜன்தான் இருக்கும். அதைவிட மோசம், எரிபொருள் நேரங்கெட்ட நேரத்துல தானே பத்திக்கும். அதுக்குப் பேரு நாக்கிங். பிஸ்டனையே உடைச்சிடும். அதனால இன்ஜின் கம்ப்யூட்டர் முன்ஜாக்கிரதையா ஸ்பார்க்கைத் தள்ளிப்போடும். புலி எருமையாகிற ரகசியம் இதுதான்.

இந்தக் காத்தைச் சிலிண்டருக்குப் போறதுக்கு முன்னாடி குளிர வைக்கிறதுதான் இன்டர்கூலர். என் வண்டியில இருக்கிறது தண்ணி வகை. சூப்பர்சார்ஜருக்குக் கீழ ஒரு கூலர், பம்பருக்குப் பின்னாடி ஒரு குட்டி ரேடியேட்டர், ரெண்டுக்கும் நடுவுல தண்ணியைச் சுத்த விட ஒரு எலக்ட்ரிக் பம்ப், ஒரு சின்னத் தொட்டி. இன்ஜின் ரேடியேட்டர் தண்ணிக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல.

சனிக்கிழமை காலையில ஜாக்கி ஸ்டாண்ட் போட்டு வண்டியை ஏத்தி, பம்பரைக் கழட்டினேன். பத்தாவது படிக்கிற பொண்ணு டார்ச் பிடிச்சா. அப்பா பிளாஸ்டிக் நாற்காலியைக் கராஜ் வாசல்ல போட்டுக்கிட்டு, வேற எங்கயோ பார்க்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார்.

சாவியைத் திருப்பி, தொட்டி மூடியைத் திறந்து பார்த்தா உள்ள தண்ணி அசையவே இல்ல. பம்ப் செத்து எத்தனை மாசமாச்சோ.

"டேய், அந்தக் கூலரைக் காட்டு."

அப்பா எழுந்து வந்துட்டார். கழட்டின கூலரைக் கையில வாங்கி, வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சு, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "இது நம்ம கம்ப்ரஸர் ஹவுஸ்ல இருக்கிற இன்டர்கூலர்டா. குட்டி போட்டிருக்கு."

*

இங்க கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திக்கிறேன்.

நாங்க மாரிகுப்பம். பங்காருபேட்டையில இருந்து பிரியுற ரயில் பாதை போய் முடியிற ஊர், கோலார் தங்க வயலோட ஒரு கோடி. 1880ல ஜான் டெய்லர் கம்பெனி வந்து தோண்ட ஆரம்பிச்சப்புறம் வட ஆற்காடு, சேலம், தர்மபுரின்னு பஞ்சம் பிழைக்கப் போன நம்ம ஜனங்கதான் அந்தக் குழியில இறங்கினாங்க. எங்க தாத்தா அண்டர்கிரவுண்ட். அப்பா மேல, கம்ப்ரஸர் ஹவுஸ்ல அட்டெண்டர். 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கத்தை மூடுற வரைக்கும் அதே வேலை.

குழிக்குள்ள பாறையைத் துளைக்கிற ட்ரில் ஓடுறது அழுத்தின காத்துல. அந்தக் காத்தை மேல கம்ப்ரஸர் அடிச்சு, குழாய்ல கீழ அனுப்பணும். ஒரே மூச்சுல ஏழு பார் அளவுக்கு அழுத்தினா காத்து 250 டிகிரியைத் தாண்டும். கம்ப்ரஸர்ல இருக்கிற எண்ணெய் ஆவியாகித் தீப்பிடிச்சு வெடிக்கிற ஆபத்து உண்டு. அதனால ரெண்டு கட்டமா பிரிப்பாங்க. முதல் சிலிண்டர்ல பாதி அழுத்தி, நடுவுல தண்ணிக் குழாய்கள் வழியா விட்டுக் குளிர வெச்சு, அப்புறம் ரெண்டாவது சிலிண்டர். அந்த நடுக்கூலர்தான் இன்டர்கூலர். கரெண்ட் செலவும் குறையும். காருக்கு வர்றதுக்கு எத்தனையோ காலம் முன்னாடியே இன்டர்கூலர் சுரங்க கம்ப்ரஸர்ல வேலை பார்த்துக்கிட்டு இருந்துச்சு.

கரெண்ட்னதும் ஞாபகம் வருது. காவிரியில சிவசமுத்திரத்துல மின்சாரம் எடுத்து, ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து 1902ல தங்க வயலுக்குக் கொண்டு வந்தாங்க. அடுத்த வருஷமே இங்க மேற்கு ஆஸ்திரேலியாவுல கல்கூர்லி தங்கச் சுரங்க ஊருக்கு 500 கிலோமீட்டருக்கு மேல குழாய் போட்டுத் தண்ணி கொண்டு போனாங்க. தங்கம் இருக்குன்னா மனுஷன் எதையும் எவ்வளவு தூரமும் இழுத்துட்டு வருவான். எங்க தாத்தாவையும் அப்படித்தான் இழுத்துட்டு வந்தாங்க.

சூடு கதை இன்னும் இருக்கு. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கு மேல ஆழம். சூப்பர்சார்ஜர் பண்ற அதே வேலையை அங்க பூமியே பண்ணும். கீழ போகப் போக மேல இருக்கிற காத்தோட பாரம் கீழ்க்காத்தை அழுத்தும். உலர்ந்த காத்துன்னா 100 மீட்டருக்கு ஒரு டிகிரி சூடேறும். 3 கிலோமீட்டர் இறங்கினா சும்மா இறங்கினதுக்கே 30 டிகிரி கூடிடும் (ஈரம் இருந்தா கொஞ்சம் குறையும்). அது போதாதுன்னு பாறையோட சூடு வேற, அடி ஆழத்துல 60 டிகிரியைத் தாண்டும். தாத்தா அங்க கோவணத்தோட வேலை செஞ்சார். வேர்வை காய்ஞ்சாத்தான் உடம்பு குளிரும். ஈரக் காத்துல வேர்வை எங்க காயும்?

1930கள்ல அங்க பெரிய குளிர்சாதன இயந்திரம் வெச்சாங்க, காத்தைக் குளிர வெச்சு உள்ள அனுப்ப. அப்போ உலகத்துலயே அப்படி வெச்சிருந்த சுரங்கங்களை விரல் விட்டு எண்ணிடலாம். பிரேசில்ல ஒண்ணு, தென்னாப்பிரிக்காவுல ஒண்ணு, அந்த வரிசையில நம்ம தங்க வயல். இந்தியாவுல பெரிய மனுஷங்க வீட்டுலயே ஏசி இல்லாத காலம் அது. பெருமையாத்தான் இருக்கு. ஆனா யாருக்காக வெச்சாங்க? சூட்டுல ஆள் சுருண்டு விழுந்தா தங்கம் மேல வராது. அதுக்காக வெச்சது. என் இன்ஜின் கம்ப்யூட்டர் ஸ்பார்க்கைத் தள்ளிப்போடுற மாதிரிதான், உடம்பும் சூட்டுல தன் வேலையைக் குறைச்சுக்கும். அந்தக் கணக்கு கம்பெனிக்குப் புரிஞ்சுது. சிலிக்கா தூசி நுரையீரல்ல போய் உட்கார்ற கணக்கு எங்க தாத்தாவோட இருமலுக்கு மட்டும்தான் புரிஞ்சுது.

*

நிற்க. கராஜுக்கு வருவோம்.

நான் இன்டர்நெட்ல படிச்சு ஒரு பட்டியல் போட்டிருந்தேன்: பெரிய ரேடியேட்டர், வேகமான பம்ப், பெரிய தொட்டி. எல்லாமே வாங்கி வெச்சாச்சு. அப்பா கேட்ட முதல் கேள்வி: "பழைய ரேடியேட்டரைக் கழுவிப் பார்த்தியா?"

பார்க்கல. கழுவினா உள்ளிருந்து பூச்சி, மண்ணு, காஞ்ச இலைன்னு ஒரு கைப்பிடி வந்துச்சு. பாதி இறக்கை மடிஞ்சு கிடந்துச்சு. "இது வழியா காத்து எங்க போகும்? புதுசு வாங்குறதுக்கு முன்னாடி பழசைச் சுத்தம் பண்ணிப் பாக்கணும்டா. நாங்க கூலர் குழாயைக் கழட்டி, கம்பி பிரஷ் விட்டு, சுண்ணாம்பு எல்லாம் எடுப்போம். கோலார் தண்ணி உப்புத் தண்ணி."

ரெண்டாவது, நான் புது பம்பை மாட்டின இடம். கைக்கு எட்டுற வசதியா மேல மாட்டிட்டேன். அப்பா சிரிச்சார். "தண்ணி கீழ, பம்பு மேலயா? இந்த பம்பு தானா தண்ணியை உறிஞ்சாது. தொட்டிக்குக் கீழ வை. தண்ணி தானா வந்து அது வாயில விழணும்." நாலு வருஷம் இன்ஜினியரிங்ல சென்ட்ரிஃப்யூகல் பம்ப் பத்திப் பத்து மார்க் கேள்வி எழுதினவன் நான்.

மூணாவது, காத்து அடைப்பு. எல்லாத்தையும் மாட்டித் தண்ணி ஊத்தினா பம்ப் சத்தம் மட்டும் வருது, தண்ணி ஓடல. வண்டியோட முன்பக்கத்தைத் தூக்கி, இருக்கிறதுலயே உசரமான ஹோஸைத் தளர்த்தி, இன்ஜினைப் போடாம பம்பை மட்டும் ஓடவிட்டு, ஒவ்வொரு ஹோஸையும் கையால அமுக்கச் சொன்னார். பொண்ணு அமுக்கினா. குபுக் குபுக்குன்னு காத்து வந்து, அப்புறம் தொட்டியில தண்ணி அருவி மாதிரி விழ ஆரம்பிச்சுது. அவ மூஞ்சியில ஒரு சந்தோஷம் பாருங்க, போன பிறந்தநாளுக்கு வாங்கிக் குடுத்த போன் அதுல பாதி கூடத் தரல.

"எப்படித் தாத்தா இதெல்லாம் தெரியும்? நீங்க ஆபீஸ்ல இல்ல இருந்தீங்க?"

எனக்குக் கையில இருந்த ஸ்பானர் அப்படியே நின்னுச்சு.

ஏன்னா, அதைச் சொன்னது நான்தான். அவ ஏழாவது படிச்சப்போ பள்ளிக்கூடத்துல குடும்ப வரலாறு எழுதச் சொன்னாங்க. "தாத்தா கோல்டு மைன் கம்பெனி ஆபீஸ்ல வேலை"ன்னு சொல்லிக் குடுத்தேன். அதுக்கு முன்னாடி பெங்களூர்ல காலேஜ் ஹாஸ்டல் ஃபார்ம்ல அப்பா தொழில்னு கேட்ட இடத்துல "மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட்"னு எழுதினேன். பொய்யில்ல. ஆனா உண்மையும் இல்ல. அந்த ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டது அப்பா. படிச்சுப் பார்த்துட்டுத்தான் போட்டார்.

அப்பா என்னைப் பார்க்கல. ஹோஸ் கிளிப்பைத் திருகிக்கிட்டே பேத்தி கிட்ட சொன்னார்: "ஆமாம்மா. ஆபீஸுக்குப் பக்கத்துலதான் கம்ப்ரஸர் ஹவுஸ்."

*

இப்போ சொல்ல வந்த விஷயம்.

வெளிநாட்டுல இருக்கிற நம்ம குடும்பங்கள்ல ஒரு வழக்கம் இருக்கு. பாட்டன் பூட்டன் கையால செஞ்ச வேலையைப் பத்திப் பேச மாட்டோம். பேசினாலும் இஸ்திரி போட்டுப் பேசுவோம். தறி நெய்தவர் "டெக்ஸ்டைல் பிசினஸ்" ஆகிடுவார், லேத் ஓட்டினவர் "இண்டஸ்ட்ரி"ல இருந்தவர் ஆகிடுவார். பிள்ளைங்களை கோடிங் வகுப்பு, கணக்கு வகுப்பு, கர்நாடக சங்கீதம்னு அனுப்புவோம். பல்பு மாத்த ஆளைக் கூப்பிடுவோம். இங்க பக்கத்து வீட்டு வெள்ளைக்கார டாக்டர் சனிக்கிழமை தன் படகு இன்ஜினைத் தானே பிரிச்சு மாட்டறார். அதை 'ஹாபி'ன்னு ரசிக்கிறோம். அதே வேலையை நம்ம அப்பா சம்பளத்துக்குச் செஞ்சா மறைக்கிறோம்.

அப்பா பக்கத்து நியாயம் எனக்குத் தெரியாமலில்ல. "ஸ்பானர் பிடிக்கவா படிக்க வெச்சேன்"னு அவர் கேட்டதுல திமிர் கிடையாது, பயம்தான். தாத்தாவோட நுரையீரலைப் பார்த்து வளர்ந்தவர் அவர். கைவேலைன்னா அவங்களுக்கு நாம இறங்கித்தான் ஆகணும்னு இருந்த குழி. இறங்கினவன் என்ன சாதின்னு ஊருக்கே தெரியும். அதுல இருந்து பிள்ளையை மேல தூக்கிடணும்னு நினைச்சதைத் தப்புன்னு சொல்ல எனக்கு யோக்கியதை இல்ல. சுரங்க வேலையைப் புனிதமாக்கிப் பாட்டுப் பாடவும் நான் வரல. அந்த வேலை எவன் பிள்ளைக்கும் வேண்டாம்.

ஆனா வேலையில இருந்த கொடுமை வேற, வேலையில இருந்த அறிவு வேற. கொடுமையில இருந்து தப்பிக்கிறப்போ அறிவையும் குழியிலயே போட்டுட்டு வந்துட்டோம். இன்டர்கூலரோட அடி வால்வைத் திறந்து ஷிஃப்டுக்கு எத்தனை தடவை தண்ணி வடிக்கணும், சத்தத்தை வெச்சே எந்த வால்வு போயிருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கணும், இதெல்லாம் அப்பாவுக்குத் தெரியும். அவர்கிட்ட நான் ஒரு நாளும் கேட்டதில்ல. என் வேலையே இங்க ஒரு சுரங்கக் கம்பெனிக்கு வென்டிலேஷன் வடிவமைக்கிறதுதான், பார்த்துக்கோங்க.

இன்னொண்ணு. கையில எண்ணெய் பட்டவனுக்கும் புத்தகத்துக்கும் தூரம்னு நாமளா ஒரு கோடு போட்டு வெச்சிருக்கோம். எங்க ஊர்ல அப்படி இல்ல. போன நூற்றாண்டோட தொடக்கத்துலயே மாரிகுப்பத்துல பௌத்த சங்கம் இருந்துச்சு. அயோத்திதாசப் பண்டிதரோட எழுத்துகள் சாம்பியன் ரீஃப்ல இருந்த சித்தார்த்த புத்தகசாலை வழியா நூல்களா வந்துச்சு. குழிக்குப் போற ஊரோட காசுலதான் அந்தச் சங்கமும் புத்தகமும் நடந்துச்சு. பகல்ல பாறை உடைச்சவங்க சாயங்காலம் வாசிச்சாங்க. கையும் மூளையும் வேற வேற சாதின்னு அவங்க நினைக்கல.

அதனால என் கட்சி இதுதான்: பெரியவங்க வந்தா கோல்ட் கோஸ்ட்டைச் சுத்திக் காட்டுறதோட நிறுத்திக்காதீங்க. அவங்க முன்னாடி எதையாவது கழட்டுங்க. கார்தான்னு இல்ல. தையல் மிஷின், மிக்ஸி, தண்ணிக் குழாய், எதுவா இருந்தாலும் சரி. பிள்ளைங்களைப் பக்கத்துல நிக்க வைங்க. "உங்க வேலை எப்படி இருந்துச்சு"ன்னு கேட்டா "என்ன பெரிய வேலை"ன்னு முடிச்சிடுவாங்க. கையில ஒரு பொருளைக் குடுத்தா தானா பேசுவாங்க. அதுல கொடுமையும் வரும், அறிவும் வரும். ரெண்டையும் பிள்ளைங்க கேட்கட்டும். இல்லன்னா ரெண்டும் தாத்தாவோடயே போயிடும். சுரங்கம் மூடினப்புறம் எங்க ஊர் ஜனங்க விடியறதுக்கு முன்னாடி ரயில் பிடிச்சு பெங்களூர் வேலைக்குப் போய் ராத்திரி திரும்புறாங்க. அவங்க பிள்ளைங்களுக்குக் கூட கம்ப்ரஸர் ஹவுஸ்னா இடிஞ்ச கட்டடம்தான்.

*

முடிவு கேட்பீங்களே. போன ஞாயித்துக்கிழமை 36 டிகிரி வெயில்ல அதே ரோட்டுல அதே மாதிரி ஓட்டிப் பார்த்தேன். முன்னாடி நாலு மிதிக்கு அப்புறம் இன்ஜினுக்குள்ள போற காத்து 88 டிகிரி காட்டும். இப்போ 57. புலி சாயங்காலம் வரைக்கும் புலியாவே இருக்கு. பழைய ரேடியேட்டரைச் சுத்தம் பண்ணித் திரும்ப மாட்டியிருந்தாலே பாதி தூரம் வந்திருக்கும்னு அப்பா இன்னமும் சொல்றார். பெரிய ரேடியேட்டர் காசைத் தங்கமணிக்குக் கணக்குக் காட்ட வேண்டியிருக்கறதால அந்தப் பேச்சை நான் வளர்க்கல :-)

நேத்து பொண்ணு தன் பழைய குடும்ப வரலாறு ஃபைலைத் திறந்து "ஆபீஸ்"ங்கிறதை அடிச்சுட்டு என்கிட்ட வந்தா. "கம்ப்ரஸர் அட்டெண்டர்னு போடவா, ஆபரேட்டர்னு போடவா?"

"தாத்தாவைக் கேளு"ன்னேன்.

டிஸ்கி: வீட்டுல இதைச் செய்யறவங்களுக்கு. வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில போகாதீங்க, ஸ்டாண்ட் போடுங்க. பேட்டரி வயரைக் கழட்டிட்டு ஆரம்பிங்க. புது பம்புக்குத் தனி ஃப்யூஸ், ரிலே கட்டாயம். குழாய்த் தண்ணி ஊத்தாதீங்க, தாது நீக்கின தண்ணியோட கூலன்ட் கலந்து ஊத்துங்க. பனி உறையாத ஊர்ல தண்ணி பங்கு கூட இருக்கலாம், தண்ணிதான் சூட்டை நல்லா சுமக்கும். பல கூலன்ட்ல இருக்கிற எத்திலீன் கிளைகால் இனிப்பான விஷம். சிந்தினதை உடனே கழுவுங்க, குழந்தைக்கும் பூனைக்கும் எட்டாம வைங்க. சூப்பர்சார்ஜர் புல்லியைச் சின்னதாக்கி வேகத்தை ஏத்துற ஆசை வந்தா, முதல்ல குளிர வைங்க, அப்புறம் ஏத்துங்க. அப்பா சொன்னது.